விளாங்குடியிலிருந்து விருதுநகர் தினமும் போய்வர: செகண்ட் ஹேண்டில் எலெக்ட்ரிக் காரா, ஹைப்ரிடா?

கேட்டவர் சொன்ன விவரம் இது. மதுரை விளாங்குடியில் சொந்த வீடு, உள்ளேயே கார் நிறுத்த இடம் இருக்கிறது. விருதுநகரில் வேலை. நாலுவழிச்சாலையில் போக வர 110 கிலோமீட்டர், மாதத்துக்கு 24 நாள். கையில் 9 லட்சம், இழுத்துப் பிடித்தால் 10. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த கார்) வாங்கலாமா, பேட்டரி போய்விட்டால் என்ன கதி என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு எலெக்ட்ரிக்தான் சரி. ஆனால் மாடல், வருஷம், கலர் எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்: பேட்டரி வாரண்டியில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உங்கள் ஓட்டம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 32,000 கிலோமீட்டர். இது சாதாரண வீட்டுக் கார் ஓடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டாடா நெக்ஸான், டிகோர், டியாகோ எலெக்ட்ரிக் கார்களுக்குப் பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் "இன்னும் அஞ்சு வருஷம் வாரண்டி இருக்குண்ணே" என்று வருஷத்தைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு வருஷம் முடிவதற்கு முன்பே கிலோமீட்டர் முடிந்துவிடும். 65,000 ஓடிய வண்டியை வாங்கினால் மிச்சம் 95,000. மூன்றே வருஷத்தில் தீர்ந்தது. அதே மாடல் 35,000 ஓடியது கிடைத்தால் மிச்சம் 1,25,000. ஏறத்தாழ நாலு வருஷம். இந்த ஒரு வருஷ வித்தியாசத்துக்காக ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இப்போது மிச்சமாகும் பணத்தைப் பாருங்கள். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் வருஷத்துக்கு 2,100 லிட்டருக்கு மேல், லிட்டர் 100 ரூபாய் பக்கம் வைத்தாலே 2 லட்சத்தைத் தாண்டும். எலெக்ட்ரிக் காரில், சுவரிலிருந்து இழுக்கும் கரண்டைக் கணக்கிட்டால் (சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து) யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 890 யூனிட் கூடும். வீட்டுச் செலவோடு சேர்ந்தால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். அதைத் தாண்டினால் ஆரம்ப யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். வீட்டு உபயோகம் 400 யூனிட் என்று வைத்தால், காருக்காகக் கூடும் ஒவ்வொரு யூனிட்டும் சராசரியாக 10 ரூபாய் பக்கம் வந்து நிற்கும். வருஷத்துக்கு 53,000 ரூபாய். இணையத்தில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று போடுவார்கள்; உங்களுக்கு ஒண்ணே முக்கால் ரூபாய் பக்கம் வரும். அப்படி இருந்தும் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் மிச்சம். வாரண்டி இருக்கும் நாலு வருஷத்தில் ஆறு லட்சம். பேட்டரி போனால் என்ன கதி என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். வாரண்டிக்குள் போனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வாரண்டி முடிவதற்குள், போட்ட பணத்தில் பெரும்பகுதி உங்கள் கைக்குத் திரும்பி வந்திருக்கும். அதில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, ஹைப்ரிட் ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய கார் சந்தையில் "ஹைப்ரிட்" என்று சொல்லி உங்களிடம் காட்டப்போவது பெரும்பாலும் மாருதி சியாஸ், எர்டிகா மாதிரி வண்டிகள். ஆர்.சி.யில்கூட பெட்ரோல்/ஹைப்ரிட் என்றே இருக்கும். அவை மைல்ட் ஹைப்ரிட். சிக்னலில் எஞ்சின் தானாக அணையும், கிளம்பும்போது ஒரு சின்ன மோட்டார் கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் அந்த வண்டி ஒரு அடி நகராது. நல்ல வண்டிகள்தான், ஆனால் ஹைப்ரிட் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நிஜமான ஹைப்ரிட் என்றால் 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி., அதே வருஷம் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகை. ஹைரைடருக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் 27.97, சிட்டிக்கு 26.5. இவற்றின் பேட்டரி முக்கால் யூனிட்தான் பிடிக்கும், நெக்ஸானில் இருப்பது 30 யூனிட். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. கோரிப்பாளையம் சிக்னலிலும் சிம்மக்கல்லிலும் ஊர்ந்து போகிறவருக்கு அது அள்ளிக் கொடுக்கும். கப்பலூர் டோலைத் தாண்டினால் விருதுநகர் வரை நீங்கள் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். சீரான வேகத்தில் ஓடும் நாலுவழிச்சாலையில் ஹைப்ரிடின் அனுகூலம் சுருங்கிவிடும். 21 கொடுத்தாலும் உங்களுக்கு வருஷம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பெட்ரோல் ஆகும். எலெக்ட்ரிக்கோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு ஒரு லட்சம் கூடுதல் செலவு. அதோடு இந்த வண்டிகள் நல்ல நிலையில் உங்கள் 10 லட்சத்துக்குள் சுலபத்தில் அகப்படாது.

ஹைப்ரிட் யாருக்கு என்றால், மாசி வீதிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவில் கார் நிறுத்துகிறவருக்கு. வாராவாரம் சென்னைக்குக் காரிலேயே போய் வருகிறவருக்கு. அவர்கள் வாங்கும்போது பின்சீட்டு ஓரம் இருக்கும் பேட்டரி காற்றுத் துளையின் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தூசியும் முடியும் அடைத்திருந்தால் அந்தப் பேட்டரி வெந்துகொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹைப்ரிட் பேட்டரி பரிசோதனை செய்து தாள் வாங்கிவிட வேண்டும். உங்களுக்கு இது தேவைப்படாது என்பதால் இதோடு விடுகிறேன்.

எந்த எலெக்ட்ரிக் கார்? என் அளவுகோல் இது: தினசரி ஓட்டம், அந்த வண்டி இன்றைக்கு நிஜமாகப் போகும் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மீதி 40, மே மாத ஏசிக்கு, பேட்டரி வருஷாவருஷம் தேய்வதற்கு, திடீரென்று அருப்புக்கோட்டைக்கு ஒரு எட்டு போய்விட்டு வர. உங்கள் 110-க்கு 180 கிலோமீட்டராவது நிஜமாகப் போகும் வண்டி வேண்டும். கம்பெனி போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்க முடியாது. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் எலெக்ட்ரிக்குக்கு 312 என்று போட்டார்கள். 30.2 யூனிட் பேட்டரி, நாலுவழிச்சாலையில் 80-ல் ஏசியோடு போனால் புதிதாக இருந்தபோதே 200 பக்கம்தான்.

அந்த அளவுகோலில், உங்கள் காசுக்கு முதல் தேர்வு 2021 கடைசி அல்லது 2022 நெக்ஸான் எலெக்ட்ரிக். பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறது. 40 டிகிரி அடிக்கும் நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். அடுத்தது 26 யூனிட் டிகோர். 24 யூனிட் டியாகோ, அதன் பேட்டரி கொஞ்சமும் தேயாமல் இருந்தால் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். 19.2 யூனிட் டியாகோ வேண்டவே வேண்டாம், பாதி வழியில் கண் சதவீதத்திலேயே இருக்கும். எம்.ஜி. காமெட் 17.3 யூனிட், ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி, லாரிகளுக்கு நடுவே தினமும் 110 கிலோமீட்டர் போக அதை நான் சொல்ல மாட்டேன். எம்.ஜி. இசட்.எஸ். 44.5 யூனிட் உங்கள் விலைக்கு இறங்கி வந்தால் தாராளமாகப் பாருங்கள், தூரத்தைப் பற்றிக் கவலையே இருக்காது. சிட்ரோயன் இசி3-ல் பேட்டரிக்குக் காற்றுக் குளிர்விப்புதான். இந்த வெயிலில் இவ்வளவு ஓட்டத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மகிந்திரா இ2ஓ, இ-வெரிட்டோ எல்லாம் இரண்டு மூன்று லட்சத்துக்குக் கண்ணில் படும். தொடாதீர்கள்.

கார் பார்க்கப் போவதற்கு முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள். சார்ஜருக்கென்று டிபி-யிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) தனியாக ஒரு லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், லோடு மீறினால் அணையும் தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் அணையும் ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனியின் 16 ஆம்ப் சாக்கெட். இந்த சாக்கெட் வழியாக மணிக்கு இரண்டரையிலிருந்து மூன்று யூனிட் ஏறும். உங்களுக்குத் தினமும் தேவை 18 யூனிட், ஆக ஆறேழு மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், அது உங்களைப் பாதிக்காது. ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கிற லோடு என்பதால் மட்டமான சாக்கெட் உருகிவிடும். முதல் வாரம் நடுவில் ஒருமுறை எழுந்து போய் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக்கூடாது.

எலெக்ட்ரிக் கார் வாங்கிய முதல் மாதத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எர்த்தில். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் எடுக்காது, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும். வண்டி கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாசி மாதம் வரை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த கார், சித்திரை பிறந்ததும் மக்கர் பண்ணியது. மண் காய்ந்து எர்த் குழி செத்துப்போயிருந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் அன்று இரவே சார்ஜ் ஏறியது. உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. நெக்ஸானின் பழைய மாடலில் வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்தான். அதற்குப் போய் 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டி வாங்கி மாட்டினால் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

மொட்டை மாடி சும்மா கிடந்தால் சோலாரையும் யோசியுங்கள். 3 கிலோவாட் போட்டால் மதுரை வெயிலுக்கு நாளொன்றுக்கு 12 யூனிட் பக்கம் வரும், மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 மானியம் இருக்கிறது. பகலில் உங்கள் கார் விருதுநகரில் நிற்கும் என்பதால் பகலில் மின்வாரியத்துக்குப் போகும் கரண்டை நீங்கள் இழுப்பதில் கழிக்கும் நெட் மீட்டர் வைத்தால்தான் பிரயோஜனம்.

இனி வண்டியைச் சோதிக்கும் விதம். டீலர் தெருவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டக் கொடுப்பார், அதில் ஒன்றும் தெரியாது. முதல் நாள் இரவே மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, ஏசி போட்டு, நீங்கள் போகும் அதே வழியில் போங்கள்: கப்பலூர், திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், திரும்ப மதுரை. வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். 80-க்கும் 100-க்கும் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு வித்தியாசம், கணக்கு கெட்டுவிடும். இவ்வளவு தூரம் தர மாட்டேன் என்றால், அந்த இரண்டு கிலோமீட்டர் சுற்றை மட்டும் நம்பி ஒன்பது லட்சம் கொடுக்க முடியாது என்று சொல்லி வந்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஓடிய கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-ஹவர் என்று மீட்டர் காட்டும் சராசரி, இறங்கிய சதவீதம். உதாரணமாக 100 கிலோமீட்டர், சராசரி 135, சார்ஜ் 100-லிருந்து 52-க்கு வந்திருக்கிறது. 100 பெருக்கல் 135 என்றால் 13,500, அதாவது 13.5 யூனிட். 48 சதவீதத்துக்கு 13.5 யூனிட் என்றால் முழுப் பேட்டரி 28 யூனிட்டுக்குச் சற்று மேல். புதிதில் 30.2. ஆக 93 சதவீதம் இருக்கிறது, நல்ல பேட்டரி. அதே ஓட்டத்துக்கு 56 சதவீதம் இறங்கியிருந்தால் முழுப் பேட்டரி 24 யூனிட்தான், ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. இந்தக் கணக்கில் இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கும். அதனால் பிடித்துப்போன வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையும் வாங்குங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக இறங்கலாம்.

நெக்ஸானின் பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. இதை மாதக்கணக்கில் 100 வரை ஏற்றாமல் 80-லேயே நிறுத்தி ஓட்டியிருந்தால், உள்ளே இருக்கும் செல்கள் சமநிலை தவறி, 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருப்பது சட்டென்று 8-க்கு விழும். பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். மூன்று நாலு தடவை வீட்டு சார்ஜரில் 100 வரை முழுசாக ஏற்றச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சரியானால் நல்லது, விலையையும் குறைத்துக் கேட்கலாம். அப்போதும் விழுந்தால் அது வாரண்டி வேலை. விற்பவர் முடித்துவிட்டு வரட்டும்.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். பேட்டரிப் பெட்டி அடியில்தான் இருக்கிறது. கிராமத்து வேகத்தடைகளில் உரசிய கீறல் பரவாயில்லை. பெட்டி உள்வாங்கி நசுங்கியிருந்தால், நாளைக்கு வாரண்டி கேட்கும்போது வெளி அடி என்று கையை விரிக்க அது ஒரு காரணமாகிவிடும்.

தண்ணீர் புகுந்த வண்டியா என்பதை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ தெற்கே வந்து விற்பனையாகியிருக்கும். மதுரைக்குள்ளேயே 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம். டி.என். 58, 59, 64 என்று உள்ளூர் நம்பர் என்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் விரிப்புக்குக் கீழே வண்டல், ஆரஞ்சு நிற உயர் அழுத்த ஒயர்கள் சேரும் இடத்தில் பச்சை பூத்திருப்பது, எல்லாம் பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு சந்தேகம் எழுந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் காரில் தண்ணீர் புகுந்தால் பணம்தான் போகும். இங்கே பேட்டரிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

டாக்ஸியாக ஓடிய வண்டி வேண்டாம். எலெக்ட்ரிக் கார்களில் எல்லா நம்பர் பிளேட்டும் பச்சைதான். சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. மாற்றிப் பதிந்த வண்டியா என்பது ஆர்.சி. வரலாற்றில் தெரியும். தினமும் இரண்டு தடவை வேக சார்ஜரில் ஏற்றிய பேட்டரி அது. சர்வீஸ் சென்டரின் பதிவில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். மீட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு வாரண்டிக் கிலோமீட்டர்தான் சொத்து என்பதால், இந்த ஒப்பீட்டை விடவே கூடாது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். வண்டியோடு வந்த சார்ஜரும் கேபிளும் இருக்க வேண்டும், தொலைந்திருந்தால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ரிங் ரோட்டில் ஒரு வேக சார்ஜரில் பத்து நிமிடம் மாட்டிப் பாருங்கள், காரில் சார்ஜர் மாட்டும் இடத்தில் இருக்கும் பின்கள் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். எலெக்ட்ரிக் கார் கனம் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். முன் டயர் இரண்டும் மாற்றும் நிலையில் இருந்தால் பேரத்தில் சேருங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரி இதிலும் உண்டு, அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர் பெறாது.

பேப்பர் வேலையில் இரண்டு கண்ணிகள். ஒன்று, பேட்டரி வாடகைத் திட்டத்தில் வாங்கிய வண்டி. 2024-ல் எம்.ஜி. விண்ட்சரோடு இந்த முறை பரவியது. விலை மலிவாகத் தெரியும், பேட்டரிக்குத் தனிக் கடன் நிலுவையில் இருக்கும். இரண்டு, "ஆயுள் முழுக்க பேட்டரி வாரண்டி" என்று சொல்லி விற்கிற புதிய மாடல்கள். அது முதல் உரிமையாளருக்குத்தான், உங்கள் பெயருக்கு மாறினால் வருஷம், கிலோமீட்டர் என்ற கணக்குக்குச் சுருங்கிவிடும். எந்த வண்டியாக இருந்தாலும் வாரண்டி உங்கள் பெயருக்கு மாறும் என்று சேசிஸ் நம்பரைக் குறிப்பிட்டு சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். மெயிலில் வந்தாலும் போதும். கடன் இருந்த வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி. மாற்ற படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். செல்போன் ஆப்பில் பழைய உரிமையாளரின் கணக்கை எடுத்துவிடச் சொல்வதையும் அன்றே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதை அவர் உங்கள் தலையில்தான் வைப்பார். நேரடியாக உரிமையாளரிடம் வாங்கினால் அது இல்லை. அதனால் முதலில் உங்கள் அலுவலகத்திலும் தெரிந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள். பெரிய பேட்டரி வண்டிக்கு மாறுவதற்காக முதல் நெக்ஸானை விற்க நினைக்கும் டாக்டர்கள், கடைக்காரர்கள் மதுரையில் இருக்கிறார்கள். ஊருக்குள் மட்டும் ஓடி, வீட்டில் மட்டும் சார்ஜ் போட்ட அந்த மாதிரி வண்டிதான் உங்களுக்கு வேண்டும். ஒன்று அகப்பட்டால் ஓட்டிப் பார்த்துவிட்டு, பதிவான தேதி, மீட்டர் கிலோமீட்டர், நான் சொன்ன மூன்று எண்கள் இவற்றை எழுதுங்கள். விலை சரியா என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.